சிமெண்டுத் தொட்டியில் மீன் பிழைப்பது எப்படி?

ஆவுடையார்கோவில் போன்ற கண்மாய்ப் பாசன ஊர்களில், முற்றத்துச் சிமெண்டுத் தொட்டி சித்திரை வெயிலில் சூடேறும்போது, அதில் வளரும் மீனுக்கு வெப்பத்தைவிட மூச்சுத்திணறலே பெரிய ஆபத்தாகிறது. ஏனெனில் 25 பாகை செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கக்கூடிய நீர், 35 பாகையில் 7 மில்லிகிராம் அளவே தாங்குகிறது, மீனின் தேவையோ அதே வெப்பத்தால் கூடுகிறது. பகலில் ஆக்சிஜன் தரும் பாசியும் இரவில் அதையே உட்கொள்வதால், விடியற்காலையே மிகக் கொடிய வேளை.

கொசுப்புழுவை உண்ணும் கப்பி மீன், காற்றைத் தொட்டு நிற்பதால் ஆக்சிஜன் மிகுந்த மேல்நீர்ப் படலத்தைத் தன் மேல்நோக்கிய வாயால் உறிஞ்சிச் செவுள்களுக்குச் செலுத்தி இவ்வேளையைக் கடக்கிறது. பனையேறிக் கெண்டையோ, செவுளுக்கு மேலே மடிப்புமடிப்பாக அமைந்த துணைச் சுவாச உறுப்பால் காற்றையே சுவாசிக்கிறது. 1791இல் தரங்கம்பாடியில் அதனைப் பனைமரத்தில் பிடித்ததாக டேனிய அதிகாரி டால்டார்ஃப் எழுதினார். சிறு மீன்களைத் தின்னும் இயல்புடையதால் அதனைக் கப்பியோடு சேர்த்து விடலாகாது.

காற்றிலிருந்து ஆக்சிஜன் நீரின் மேற்பரப்பு வழியே கரைவதால், ஆழத்தைவிட வாயகலம் மிகுந்த தொட்டியும், நண்பகல் நிழலும், குறைந்த எண்ணிக்கையில் மீன்களும் வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த கப்பி நாட்டு மீன்களோடு இரைக்குப் போட்டியிடக்கூடியதாதலால், ஐப்பசி மழையில் தொட்டி வழிந்து அது கண்மாயைச் சேராதபடி விளிம்பில் வலை கட்டுவது மிக அவசியம்.