நாட்டுப்புற நாய்களின் குருதி ஒட்டுண்ணி நோய்கள்

நமது கிராமங்களிலே நாய் வீட்டுக்கும் தெருவுக்கும் பொதுவான பிராணியாகவே வாழ்கின்றது. இரவில் வளவைக் காப்பதும், பகலில் வயலோரத்திலும் சந்தையடியிலும் திரிவதும் அதன் இயல்பு. அந்நாய் உணவை வெறுத்து, மெலிந்து, முரசு வெளிறிப் படுத்துவிடின், உண்ணி இரத்தத்தைக் குடித்துவிட்டதென்பர். இக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், உண்ணி உறிஞ்சும் குருதியிலும் பார்க்க, அது நாயின் உடலிற் செலுத்திவிடும் நுண்ணுயிர்களே பெரும்பாலும் உயிருக்கு உலைவைக்கின்றன. அவற்றின் இயல்பையும், பரவும் முறையையும், தடுக்கும் வழிகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயாக்கிகள்

இவற்றுள் முதலிற் குறிப்பிடத்தக்கது பபேசியா என்னும் ஒருகல உயிரியாகும். 1888இல் மாடுகளின் செங்குழியங்களில் இவ்வினத்தைக் கண்டறிந்த உருமேனிய அறிஞர் விக்ரர் பபேசுவின் பெயரால் இது வழங்குகின்றது. வெப்ப நாடுகளின் நாய்களில் இதன் இரு வகைகள் பரவலாகவுள்ளன. பபேசியா வோகெலி பருமனிற் பெரியது; பேரிக்காய் வடிவிற் சோடியாகத் தோன்றும். பபேசியா கிப்சோனி சிறியது. பெரும்பாலும் மோதிர வடிவினது. பின்னையதைப் பற்றன் என்பார் சென்னை வேட்டைநாய்களின் குருதியிலும், அதன்பின் நரியின் குருதியிலும் கண்டு 1910இல் விவரித்தார். இலங்கை நாய்களிலும் அது காணப்படுகின்றது. இவை பெருகி வெளியேறும்போது செங்குழியங்கள் சிதைகின்றன. அதுவுமன்றி, தொற்றடையாத குழியங்களையும் நாயின் நிர்ப்பீடனத் தொகுதியே அந்நியமெனக் கருதி அழிக்கின்றது. இதனாற் காய்ச்சலும் குருதிச்சோகையும் உண்டாகின்றன, மண்ணீரல் வீங்குகின்றது, சிறுநீர் கபில நிறமடைதலும் உண்டு.

இரண்டாவது, 1935இல் அல்ஜீரியாவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட எர்லிக்கியா கானிசு. இது உண்மையிற் பற்றீரியாவாயினும், வெண்குழியங்களினுள்ளே வாழ்வதாலும் உண்ணியாற் பரவுவதாலும் ஏனைய குருதி ஒட்டுண்ணிகளுடன் சேர்த்தே ஆராயப்படுகின்றது. இந்நோயிற் குருதிச் சிறுதட்டுக்கள் குறைவதால் மூக்கிலிருந்து குருதி வடிதலும், தோலிற் செம்புள்ளிகள் தோன்றுதலும் நிகழும். 1960களின் பிற்பகுதியில், வியற்நாம் போரில் ஈடுபடுத்தப்பட்ட அமெரிக்கப் படைநாய்கள் பெருந்தொகையாக மாண்டமைக்கு இதுவே காரணமாயிற்று.

மூன்றாவதாகிய எப்பற்றோசோன் கானிசு 1905இல் இந்தியாவில் விவரிக்கப்பட்டது. இது உண்ணி கடிப்பதாற் பரவுவதன்று. உடலைக் கவ்விச் சொறியும் நாய் உண்ணியை விழுங்குவதாலேயே தொற்றுகின்றது.

பரவும் முறை

இவற்றைப் பரப்புவதில் முதன்மையானது கபிலநிற நாயுண்ணியாகும். குடம்பி, அணங்கு, நிறையுடலி ஆகிய ஒவ்வொரு பருவத்திலும் அது ஒருமுறை குருதியுண்டு, கீழே விழுந்து, தோலுரித்தோ முட்டையிட்டோ வளர்கின்றது. பெண்ணுண்ணி ஒரே தடவையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. எனவே நாயின் உடலில் நாம் காண்பவை சிலவே; பெருந்தொகையானவை கொட்டிலின் சுவர் வெடிப்புகளிலும் கிடுகு இடுக்குகளிலும் மறைந்திருக்கின்றன. பபேசியா வோகெலி தாயுண்ணியின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் செல்லவல்லது. எர்லிக்கியாவோ முட்டை வழியாகச் செல்வதில்லை. ஒரு பருவத்திற் பெற்ற தொற்றை அவ்வுண்ணி அடுத்த பருவத்திற் பரப்புகின்றது. பபேசியா கிப்சோனி, நாய்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் சண்டைகளினாலும் பரவுகின்றது.

நலமுள்ளதாகத் தோன்றும் நாய்

சிறுவயதில் தொற்றுண்டு பிழைத்த நாட்டுநாய், ஒட்டுண்ணியைக் குருதியிற் சிறு தொகையாகத் தாங்கியபடியே நெடுங்காலம் வாழக்கூடும். புறத்தே நோய்க்குறி எதுவுமிராது. அதனைக் கடித்த உண்ணி, அயல்வீட்டுக் குட்டியையோ நகரிலிருந்து புதிதாகக் கொணர்ந்த உயர்சாதி நாயையோ பற்றும்போது நோய் கடுமையாகின்றது. செவிநுனிக் குருதியைக் கண்ணாடித் தட்டிற் பூசி, கீம்சா சாயமிட்டு நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதே எளிய சோதனை. ஆயினும் இத்தகைய காவி நாய்களில் அது பொய்த்துவிடலாம். மரபணுச் சோதனையே அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

சிகிச்சையும் தடுப்பும்

எர்லிக்கியா நோய்க்கு டொக்சிசைக்கிளின் ஏறத்தாழ 28 நாட்கள் கொடுக்கப்படும். பபேசியா வோகெலிக்கு இமிடோகாப் ஊசி பயன்தரும். கிப்சோனியோ வழமையான மருந்துகளால் முற்றாக ஒழிவதில்லை. அடங்கி, மீண்டும் தலைதூக்கும். ஆகவே எந்த உயிரி என்றறியாது மருந்தேற்றுவது பணத்தையும் காலத்தையும் வீணாக்கும். மிருக வைத்தியரை நாடுதலே முறை.

பபேசியா தொற்றுவதற்கு உண்ணி பெரும்பாலும் இரண்டொரு நாட்களாவது கடித்திருத்தல் வேண்டும். ஆதலால் நாள்தோறும் செவி, கழுத்து, விரலிடுக்கு ஆகியவற்றைப் பார்த்து உண்ணியை அகற்றுவது செலவற்ற காப்பாகும். எர்லிக்கியாவோ சில மணித்தியாலங்களிலேயே தொற்றவல்லது. ஆகையால் இக்காப்பு மட்டும் போதாது. உண்ணிநாசினியும் கொட்டிலின் சுத்தமும் உடன்வேண்டும். மண்ணெண்ணெயையும் பயிருக்குத் தெளிக்கும் நஞ்சையும் நாயிற் பூசுவது தவறு. அவற்றைத் தோலும் நாவும் உட்கொள்வதால் உண்ணிக்கு முன் நாயே மடியக்கூடும்.

இது நாயின் நலம் மட்டும் சார்ந்ததன்று. நாயின் குருதியிலுள்ள டைரோபிலாரியா ரெபென்சு என்னும் புழுவை நுளம்பு மனிதரிற் புகுத்துவதால், தோலின் கீழும் கண்ணிலும் கட்டிகள் தோன்றிய நோயாளர் பலர் இலங்கையில் அறியப்பட்டுள்ளனர். யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. ஆயினும், பல பத்தாண்டுகள் மறைந்திருந்த புரூகியா வகைப் புழு இங்கு மீண்டும் தோன்றியுள்ளமையும், அது நாய், பூனைகளின் குருதியிற் காணப்படுவதும் கருதத்தக்கன. விசர்நாய்த் தடுப்பூசிக்காகக் கிராமத்து நாய்கள் ஒன்றுகூட்டப்படும் வேளையிலேயே உண்ணி நீக்கத்தையும் குருதிச் சோதனையையும் சேர்த்து நடாத்தின், சிறு செலவில் நாயும் மனிதரும் ஒருங்கே பயனடைவர்.