பாக்கெட் நிறத்தை மாற்றினால் வயிறு அடங்காது

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்றதும் பல வீடுகளில் ஆரஞ்சு பாக்கெட்டை நிறுத்திவிட்டு நீல பாக்கெட் வாங்கத் தொடங்குவார்கள். ஆவின் ஆரஞ்சில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3 சதவீதம். ஆனால் பெரும்பாலும் தொல்லை கொழுப்பால் வருவதில்லை. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையால் வருகிறது. எந்த நிற பாக்கெட்டிலும் 100 மில்லிக்குக் கிட்டத்தட்ட 5 கிராம் லாக்டோஸ் இருக்கும். எத்தனை முறை காய்ச்சினாலும் அது குறையாது.

ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

சிறுகுடலில் உள்ள லாக்டேஸ் என்ற நொதிதான் லாக்டோஸை உடைத்துச் செரிக்க வைக்கிறது. கைக்குழந்தைக்கு அது நிறையச் சுரக்கும். வளர வளரக் குறையும். உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு இப்படித்தான். இந்தியாவில் வடக்கைவிடத் தெற்கில் இது அதிகம். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனதும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்கும். லாக்டோஸ் தண்ணீரையும் இழுப்பதால் பேதியாகும். குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இது தெரிந்துவிடும்.

எவ்வளவு தாங்கும்?

பலருக்கு ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை பெரிய தொல்லை இருக்காது. அது சுமார் 240 மில்லி பால். சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் நின்று குடிக்கும் ஒரு கிளாஸ் டீ 100 மில்லி சொச்சம். அதில் முழுக்கப் பாலே இருந்தாலும் 5 கிராம்தான். ஆகவே டீயை விடவேண்டிய கட்டாயம் பலருக்கு இல்லை. வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் ரோஸ் மில்க்கை ஒரே மூச்சில் குடிப்பதுதான் வம்பு. சாப்பாட்டோடு, பிரித்துப் பிரித்துக் குடித்தால் வயிறு தாங்கும்.

தயிரில் உள்ள பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தைக் குடலில் உடைக்கவும் உதவும். தண்ணீர் விட்டுக் கடைந்த மோரில் இன்னும் குறைவு. நெய்யில் அநேகமாக இல்லவே இல்லை. பால்கோவாவும் பால்பவுடரும் நேர்மாறு: தண்ணீர் வற்றியதால் லாக்டோஸ் செறிந்திருக்கும்.

பாலைக் குறைப்பவர்கள் கால்சியத்தை விட்டுவிடக் கூடாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவையும் கைகொடுக்கும்.

எப்போது டாக்டரிடம் போகவேண்டும்?

இரண்டு வாரம் பால் பொருட்களை நிறுத்திவிட்டு, மறுபடி கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு விளங்கும். உறுதிப்படுத்த, மூச்சில் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. மலத்தில் ரத்தம், எடை இறக்கம், காய்ச்சல், இரவில் எழுப்பும் பேதி ஆகியவற்றுக்குப் பாலைக் காரணம் சொல்லிக் காலம் கடத்தக் கூடாது. உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது பால் ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வயிற்றுப்போக்குக்குப் பிறகு குழந்தைக்குச் சில நாள் பால் சேராமல் போகலாம். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.