கல்லுக்கும் சொந்த ஊர் உண்டு!

தபால் தலை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய காசு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கல் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்! பல நாடுகளிலும் உள்ள பழக்கம் இது.

"கல்லில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். கோவைக்காரர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. காந்திபுரத்தில் திருப்பூர் பஸ் ஏறி, அங்கே காங்கயம் பஸ்சுக்கு மாறினால் போதும். வழியில் படியூர் வரும். அடுத்து சிவன்மலை வரும். காங்கயம் என்றால் எல்லாருக்கும் காளைதான் நினைவுக்கு வரும். ஆனால் கல் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு ஊர்களும் நினைவுக்கு வரும்.

ரோமாபுரிக்குப் போன கல்

படியூரில் கிடைப்பது பெரில் என்ற கல். கடல் நீர் போன்ற நீலப்பச்சை நிறம். நகைக்கடையில் "அக்வாமரின்" என்பார்கள்.

பெரில் இந்தியாவில்தான் விளைகிறது, வேறு இடங்களில் கிடைப்பது அபூர்வம் என்று பிளினி என்ற ரோமாபுரி அறிஞர் சுமார் 1,950 ஆண்டுகளுக்கு முன்பு எழுதி வைத்தார். கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுப் புதையல்கள் பல கிடைத்திருக்கின்றன. கல் கொடுத்துக் காசு வாங்கிய வியாபாரத்தின் அடையாளம் அவை என்று வரலாற்று ஆசிரியர்கள் கூறுகிறார்கள்.

வெள்ளைக்காரர் காலத்திலும் படியூரை விடவில்லை. 1819, 1820 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அங்கே 2,196 கற்கள் எடுத்தார்கள்.

தமிழ்ப் பெயர்

சிவன்மலை முருகன் கோவிலில் "ஆண்டவன் உத்தரவுப் பெட்டி" இருக்கிறது. பக்தர் கனவில் வந்த பொருளை அதில் வைப்பார்கள். அந்தப் பெட்டியைப் பார்க்காமல் யாரும் திரும்புவது இல்லை. மலையடிவாரத்துக் கல்லைத்தான் யாரும் குனிந்து பார்ப்பது இல்லை!

கொங்கு நாட்டில் எங்கே பார்த்தாலும் வெங்கச்சங்கல் கிடக்கும். சிவன்மலைப் பாறையிலோ அது இல்லை. அதற்குப் பதில் நெபிலின் என்ற கனிமம் இருக்கிறது. இப்படிப்பட்ட பாறை அபூர்வம். தாமஸ் ஹாலந்து என்ற நிபுணர் 1901-ம் ஆண்டில் இந்தப் பாறையைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார்.

அந்தப் பாறையில் குருந்தம் கிடைக்கிறது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த கல் இதுதான். சிவப்பாக இருந்தால் மாணிக்கம். நீலமாக இருந்தால் நீலக்கல். நிறமும் ஒளியும் இல்லாவிட்டால் சாணை பிடிக்க உதவும். இதை ஆங்கிலத்தில் "கொரண்டம்" என்பார்கள். அது நம் "குருந்தம்" கடல் தாண்டிப் போய்த் திரிந்த சொல்தான்!

மணிக்கல் பட்டறை

படியூர்க் கல்லும் சிவன்மலைக் கல்லும் பட்டை தீட்டப்பட்ட இடம் நொய்யல் கரையில் உள்ள கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுவே என்பது அறிஞர்கள் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே அகழ்ந்து பார்த்தார்கள். முடிந்த மணி, பாதி வேலையில் நின்ற மணி, துளை போடாத கல், உடைந்த சில்லு எல்லாம் வந்தன. பட்டறையே மண்ணுக்குள் இருந்தது!

பெரில் படியூரில் இருந்து வந்தது, நீலக்கல் சிவன்மலையில் இருந்து வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அங்கே கிடைத்த இன்னொரு நீலநிறக் கல் ஆப்கானிஸ்தானத்தைச் சேர்ந்தது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எந்தக் கல் எந்த ஊரில் விளையும் என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டு இருந்தது. அதனால்தான்.

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக் கல்லுக்கும் இதே கதை. சந்திரனின் மேட்டு நிலத்தில் உள்ள பாறை வகை அங்கே இருப்பது தெரிந்திருந்தது. சந்திரயான் கலத்தைச் சோதித்துப் பார்க்க, அந்தக் கல்லை அரைத்துத்தான் "சந்திர மண்" தயாரித்தார்கள்.

சீட்டுதான் முக்கியம்

ஆகவே கல் சேர்க்கும் பிள்ளைகள் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். எடுத்த தேதி, ஊர், யார் தோட்டம், எத்தனை அடி ஆழம் என்று சீட்டு எழுத வேண்டும். கல்லில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் நம்பர் போட வேண்டும். அதே நம்பர் சீட்டிலும் இருக்க வேண்டும். சீட்டு தொலைந்தால் அழகான கல்லும் ஆராய்ச்சிக்கு உதவாது.

கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. கிணறு வெட்டிய கல்மேடு இல்லாத தோட்டம் அபூர்வம். பூமிக்குள் பல அடி ஆழத்தில் இருந்த கல், கை எட்டும் இடத்திலேயே கிடக்கிறது. தோட்டக்காரரைக் கேட்டுக்கொண்டு எடுக்கலாம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். நகம் கீறினால் மாக்கல். எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்தால் சுக்கான் கல். கண்ணாடிச் சில்லைக் கீறினால் வெங்கச்சங்கல்லாக இருக்கலாம். அந்த வெங்கச்சங்கல்லையே கீறினால்? பெரியவர்களிடம் காட்ட வேண்டிய கல் அது!

ஒரு எச்சரிக்கை. அனுமதி இல்லாமல் நிலத்தைத் தோண்டி மணிக்கல் எடுப்பது குற்றம். கொடுமணல் மேட்டில் ஒரு பாசியைக்கூட எடுக்கக் கூடாது. பத்திரமாகச் சுமந்து வந்தாலும், கிடந்த இடத்தை விட்டுப் பிரிந்த பாசி பேசாது.

சென்னை எழும்பூர் மியூசியத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 1851-ம் ஆண்டு அது தொடங்கியபோது சிலையும் இல்லை, நடராஜரும் இல்லை. டாக்டர் பால்பர் பொறுப்பில் முதலில் வந்து சேர்ந்தவை சுமார் 1,100 கற்கள்!