மூளையைச் சூழுங் குருதிக்கட்டு

மூளைக்கும் முண்ணாணுக்கும் இயற்கை அளித்துள்ள காவல் பெரிது. மூளை மண்டையோட்டினுள்ளும், முண்ணாண் முள்ளந்தண்டின் கால்வாயினுள்ளும் என்பினாற் சூழப்பட்டுக் கிடக்கின்றன. ஆயின், வெளியடியைத் தடுக்கும் இவ்வரணே உள்ளே குருதி கசியுமிடத்துப் பகையாகின்றது. என்பு விரிந்து கொடாது. எனவே தேங்கிய குருதி நரம்பிழையத்தையே நெருக்கும். இவ்வாறு தேங்கிய குருதியே குருதிக்கட்டு எனப்படும்.

மூளையின் தடித்த புறவுறைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே உண்டாவது ஒரு வகை. கன்னப்பொறியில் அடிபட்டு என்பு வெடிக்கும்போது, அதன் உட்புறத்தே ஓடும் நாடி கிழிவதே இதற்குப் பெரும்பாலுங் காரணம். அடிபட்டவர் சிறிது மயங்கித் தெளிந்து, இயல்பாக உரையாடுதலுங் கூடும். அத்தெளிவை நம்புதல் பிழை. 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் கனடாவிற் பனிச்சறுக்குப் பயிலுகையில் விழுந்த நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சன், தமக்கு ஒன்றுமில்லையென்றே கருதினார். பின்னர் தலைவலி தொடங்கிற்று. இரண்டு நாட்களில் இறந்தார். இவ்வகையில் மூளை பெரும்பாலும் சிதையாதிருத்தலின், தக்க வேளையில் ஓட்டைத் திறந்து கட்டியை அகற்றினாற் பலர் முற்றாகக் குணமடைவர். சிறு கட்டிகளை அறுவையின்றிக் கண்காணித்தலும் உண்டு.

புறவுறைக்கு உள்ளே உண்டாவது மற்றொரு வகை. கடும் விபத்தில் நாளங்கள் அறுந்து இது தோன்றும்போது மூளையும் உடன் ஊறுபட்டிருக்குமாதலால் விளைவு கொடிது. 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், உணர்விழந்த 82 நோயாளருள் நான்கு மணி நேரத்துள் அறுவை பெற்றோரில் நூற்றுக்கு 30 பேரும், தாமதித்தோரில் 90 பேரும் இறந்தனர். பிற்கால ஆய்வுகள் யாவும் இத்துணை வேறுபாட்டைக் காணவில்லையெனினும், விரைவின் இன்றியமையாமை குன்றவில்லை.

முதியோரிடத்து இதுவே மெல்ல வளர்வதுமுண்டு. மறந்துபோன சிறு அடியொன்றின் பின், சில வாரங்கள் கழித்துத் தலைவலி, தள்ளாட்டம், மறதி என்பன தோன்றும். இவற்றை மூப்பின் இயல்பெனக் கொண்டு விடுவோர் பலர். ஆயினும் ஓட்டில் துளையிட்டு நீர்த்த குருதியை வெளியேற்றினாற் பெரும்பாலார் தேறுவர். சிகிச்சையின் பின் சில நாட்கள் வடிகுழாய் வைப்பதால், மீண்டும் அறுவை வேண்டியோர் தொகை நூற்றுக்கு 24இலிருந்து ஏறத்தாழ 9ஆகக் குறைந்ததை 2009இல் வெளியான கேம்பிறிட்ஜ் ஆய்வு காட்டிற்று.

முண்ணாணைச் சூழும் கட்டு அரிது. குருதி உறையாமைக்கு மருந்துண்போரிடத்து இது தானாகவுந் தோன்றலாம். திடீரென முதுகு வலித்து, கால்கள் வலுவிழந்து, சிறுநீர் தடைப்படும். முள்ளென்பின் பின்வளைவை நீக்கி அழுத்தத்தைத் தணிப்பதே சிகிச்சை. கால்கள் முற்றாகச் செயலிழக்குமுன், சில மணி நேரத்துள் அது நிகழுமாயின் மீட்சிக்கு இடமுண்டு.

இவற்றால் அறியக்கிடப்பது ஒன்றே: கட்டியை அகற்றும் கலை வளர்ந்துள்ளது, இழந்த நேரத்தை மீட்கும் கலை இல்லை. விளையாட்டுத் திடலில் தலையிலடிபட்ட மாணவன் எழுந்து சிரித்தானென்று விட்டுவிடலாகாது. அவனுக்கு வாந்தியோ, மிகு தலைவலியோ, உறக்கமயக்கமோ தோன்றின், ஒரு கண்மணி மட்டும் விரியின், உறங்கட்டுமென விடாது உடனே மருத்துவமனை சேர்ப்பித்தல் வேண்டும்.