'தோட்டத்துக்குப் போனா மனசு சரியாகிடுமா?' - ஆளுமைக் கோளாறு சிகிச்சையில் மண்ணுக்கும் செடிக்கும் என்ன வேலை?

"ரெண்டு நாள் ஊருக்குப் போய் வயல்ல நின்னுட்டு வா, எல்லாம் தானா சரியாகிடும்." மனம் உடைந்து நிற்பவருக்கு நம் வீடுகளில் முதலில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இதுதான். வேலைச் சோர்வுக்கு இது கைகொடுக்கலாம். ஆளுமைக் கோளாறு உள்ளவருக்கோ, இதையே நம்பி இருந்தால் உரிய சிகிச்சை தள்ளிப்போய்விடும். அதேநேரம், உளவியல் சிகிச்சையுடன் தோட்ட வேலையை முறையாகச் சேர்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஆளுமைக் கோளாறு என்றால் என்ன?

'குணமே சரியில்லை' என்று ஊர் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தன்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் யோசிக்கும், உணரும், பழகும் விதம் நீண்டகாலமாக ஒரே தடத்தில் இறுகிப்போய், வேலையையும் உறவுகளையும் பாதிக்கும் நிலை இது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேடு இதில் 10 வகைகளைப் பட்டியலிடுகிறது.

அதிகம் பேசப்படுவது 'பார்டர்லைன்' வகை. அனுப்பிய மெசேஜ் 'சீன்' ஆகியும் பதில் வரவில்லை என்றால் பலருக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். இவர்களுக்கு 'என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க' என்ற பயமே வந்துவிடலாம். காலையில் தெய்வமாகத் தெரிந்தவர் மாலையில் எதிரியாகத் தெரிவார். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமும் சிலருக்கு வரும்.

சிகிச்சை இருக்கிறதா?

இருக்கிறது. இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு மருந்து தரப்படும். முதன்மைச் சிகிச்சை, உளவியல் சிகிச்சைதான். அதில் பெயர்பெற்றது 'டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி', சுருக்கமாக டி.பி.டி. இதை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன். 17 வயதில் தானே மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் என்பதை 2011-ல் அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் பார்டர்லைன் பாதிப்புள்ள 290 பேரை நீண்டகாலம் கவனித்தார்கள். 10 ஆண்டுகளுக்குள் 93% பேருக்கு அறிகுறிகள் தணிந்து, குறைந்தது 2 ஆண்டுகள் அப்படியே நீடித்தன. ஆனால், அறிகுறி தணிந்ததோடு வேலை, உறவு என வாழ்க்கையும் நிலைபெற்றவர்கள் சுமார் பாதிப் பேர்தான். அறிகுறி போனாலும் வாழ்க்கை தானாகத் திரும்பிவிடுவதில்லை. இயற்கை சார்ந்த செயல்பாடுகள் உதவக்கூடிய இடைவெளி இதுதான்.

தோட்டத்தில் என்ன நடக்கும்?

டி.பி.டி. நான்கு திறன்களைக் கற்றுத்தருகிறது: இந்தக் கணத்தில் கவனம் வைப்பது, கொந்தளிப்பைத் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, பிறரோடு பழகுவது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது ஒன்று, கோபம் தலைக்கேறும் நேரத்தில் அதைப் பயன்படுத்துவது வேறொன்று.

தோட்டம் அதற்கான பயிற்சிக்களம். களை பிடுங்கும்போது கவனம் கைவிரலில்தான் இருக்கும். சிறுகீரை பறிக்க ஏறக்குறைய 25 நாள், வெண்டை காய்க்க 45 நாள் ஆகும், அவசரப்பட்டால் நடக்காது. நான்கு இலை பழுத்ததற்காக செடியைப் பிடுங்கி எறிவதில்லை என்பது, 'ஒண்ணு எல்லாம் நல்லது, இல்லாட்டி எல்லாம் மோசம்' என்ற எண்ணத்துக்கு நேரடிப் பாடம். ஒரே தண்ணீர்க் குழாயை நாலு பேர் பகிரும்போது உரசல் வரும். அந்த உரசலைப் பற்றி அன்றே குழுவில் சிகிச்சையாளரோடு பேசலாம். சும்மா தோட்ட வேலை செய்வதற்கும் சிகிச்சைக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பேச்சுதான்.

எங்கே செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் ஸ்லவ் நகருக்கு அருகே, மனநல மருத்துவர் ரெக்ஸ் ஹேய் இந்த வழியில் ஒரு 'கிரீன்கேர்' திட்டத்தை நடத்தினார். வட்டக் கூடாரத்தில் குழுச் சிகிச்சை, வெளியே தோட்ட வேலை, சேர்ந்து சமையல் எனப் போகும் நாள் அது. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் தோட்டக்கலைப் பயிற்சி இருக்கிறது. ஆனால் அது ஆளுமைக் கோளாறுக்கென்று தனியாக அமைந்ததல்ல.

ஆதாரம் எவ்வளவு வலுவானது? 1984-ல் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அதன்பின் வந்தவை பெரும்பாலும் மனஅழுத்தம், மனச்சோர்வு பற்றியவை. ஆளுமைக் கோளாறில் நடந்தவை குறைவு, சிறியவை. அதனால் இது துணைச் சிகிச்சைதான், மாற்று அல்ல.

குத்தம்பாக்கத்தில் முடியுமா?

குத்தம்பாக்கம் என்றாலே இப்போது பேச்சு புதிய பேருந்து முனையம் பற்றித்தான். இளங்கோ ரங்கசாமி ஊராட்சித் தலைவராக இருந்த காலத்தில், சமத்துவபுரத்தாலும் உள்ளூர்த் தொழில்களாலும் பேசப்பட்ட கிராமம் இது. செம்பரம்பாக்கம் ஏரியும் பக்கம்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் அப்பார்ட்மெண்டில் வசிப்பவர்களுக்கு எட்டும் தூரத்தில் மிச்சமிருக்கும் மண் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதுவும் வேகமாக பிளாட்டாக மாறுகிறது. இப்படியொரு திட்டத்துக்குப் பெரிய பண்ணை வேண்டாம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர், மாறாத ஒரு சிறு குழு, வாராவாரம் ஒரே நேரம், பூச்சிமருந்து இல்லாத ஒரு துண்டு நிலம், இவை போதும்.

அதுவரை? மொட்டைமாடியில் நாலு தொட்டி வைக்கலாம். ஆனால் மனநல மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது தனியாக ஏரிக்கரைக்கோ வயலுக்கோ போக வேண்டாம், யாரையும் அனுப்பவும் வேண்டாம். கூட ஒருவர் இருப்பதுதான் முக்கியம்.

மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் சிகிச்சை பெறலாம்.