விரிமேசைக்கு ஓடர் கொடுக்க முன்னர்

டென்மார்க்கில் 1950, 60களில் செய்யப்பட்ட தேக்குச் சாப்பாட்டு மேசைகளுக்கு உலகெங்கும் இன்றும் கிராக்கி. இரு பக்கமும் இழுத்தால் மேலதிகப் பலகை சேர்ந்து, நாலு பேர் இருக்கும் மேசையில் எட்டுப் பேர் இருக்கலாம். அங்கிருக்கும் உறவினர் அனுப்பிய படத்தைக் காட்டி, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஓடாவியாரிடம் ஓடர் கொடுக்கப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

எதைப் பார்ப்பது?

அந்த டெனிஷ் மேசைகள் பலவற்றின் மேற்பலகை முழுத் தேக்கு அல்ல. ஒட்டுப் பலகைமேல் மெல்லிய தேக்குத் தகடு ஒட்டியது. அதனால் காலநிலைக்கு அதிகம் அசையாது. நாங்கள் செய்விப்பது முழுமரத்தில். சரியாகக் காயாத பலகை கச்சான் காற்றில் சுருங்கும், மாரியில் ஊதும். விரிபலகை இறுகி நின்றுவிடும்.

செய்து முடித்த மேசைக்குக் கீழே குனிந்து பாருங்கள். மேலே பொலிஷ் மறைத்ததைப் பொலிஷ் படாத அடிப்பக்கம் காட்டிவிடும். வெளிறிய பட்டை தெரிந்தால் அது வைரமல்ல, வெள்ளை. ஊசித் துளையும் மாவும் இருந்தால் உளுக்கத் தொடங்கிவிட்டது.

மரம் எங்கிருந்து?

முதிரையோ தேக்கோ சந்தை விலைக்கு மிகக் குறைவாகக் கிடைத்தால் சந்தேகியுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மரம் ஏற்றுவது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். குற்றம் நிரூபணமானால் மரத்தோடு ஏற்றிய வாகனமும் பறிமுதலாகலாம். மரத்தை நீங்களே வாங்கிக் கொடுப்பதானால் மரக்காலையில் பற்றுச்சீட்டையும், வனவளத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அரச மரக்கூட்டுத்தாபனத்திலும் மரம் வாங்கலாம்.

ஏமாந்தால் எங்கே போவது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளின் தரத்தையோ வகையையோ பொய்யாகச் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. பற்றுச்சீட்டுக் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆகவேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் துரித இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு.

சிக்கல் இந்த மூன்று மாதத்தில்தான். ஆனியில் வாங்கிய மேசை ஆவணி வரை நன்றாகவே ஓடும். கார்த்திகை மழையில் இறுகும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே முற்பணம் கொடுக்கும் அன்றே பற்றுச்சீட்டில் இப்படி எழுதுவித்துக் கையொப்பமும் வாங்குங்கள்: "தேக்கு, வைரம் மட்டும், விரித்தால் 8 அடி, இறுகினாலோ வெடித்தாலோ ஒரு வருடத்துக்குள் இலவசமாகத் திருத்தித் தரப்படும்." ஒரு வருடம் என்றால் ஒரு கோடையும் ஒரு மாரியும் அதில் அடங்கும். மூன்று மாதம் தாண்டினாலும், கையொப்பமிட்ட அந்த வரியோடு மத்தியஸ்த சபைக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாம். எழுதித் தர மறுக்கிறாரா? முற்பணம் கொடுக்காமல் அடுத்த பட்டறையில் விசாரியுங்கள்.