காதுக்கு எது சுகம்? ராஜபாளையம் வெயிலில் நான்கு காஸ்ட்லி ஹெட்போன்கள்!

"டி.வி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டும்மா" என்பார் பெரியப்பா. கூட்டுவேன். "இன்னும் கொஞ்சம்" என்பார். கடைசியில் தெருவில் போகிறவர்களும் சீரியல் வசனத்தைக் கேட்டுக்கொண்டே போவார்கள்.

ராஜபாளையம் என் அம்மாவின் ஊர். பெரியப்பா அங்கே ஒரு ஸ்பின்னிங் மில்லில் 30 வருஷத்துக்கு மேல் ஷிஃப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். இந்தமுறை லீவுக்குக் கிளம்பும்போது என் பையில் நான்கு ஹெட்போன்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, மற்ற மூன்றும் நண்பர்களிடம் கெஞ்சி வாங்கியவை. எல்லாமே 'க்ளோஸ்டு பேக்' வகை. எதில் பாட்டு நன்றாக இருக்கிறது, எதை நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரமாவது போட்டிருக்க முடியும் என்று பார்த்து எழுதுவதுதான் திட்டம். எழுத உட்கார்ந்தபோது பெரியப்பாவை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

மூடி போட்ட ஹெட்போன்

காதுமேல் உட்காரும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் ஓட்டையோ வலையோ இல்லாமல் முழுக்க மூடியிருந்தால் அது 'க்ளோஸ்டு பேக்'. வெளிச்சத்தம் குறைவாக உள்ளே வரும். நீங்கள் கேட்பது பக்கத்து சீட்டுக்காரருக்கு அதிகம் கேட்காது. பஸ், ரயில், நாலு பேர் இருக்கும் வீடு இவற்றுக்கெல்லாம் இதுதான் சரி.

குறையும் உண்டு. குடத்துக்குள் பேசினால் குரல் எப்படி உருண்டு திரும்புகிறது? அதேபோல மூடிய கிண்ணத்துக்குள் ஒலி முட்டித் திரும்பும். சரியாக வடிவமைக்காவிட்டால் பேஸ் 'கும்' என்று அடைத்துக்கொள்ளும், பாடகர் பெட்டிக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கும். காஸ்ட்லி ஹெட்போன்களில் நாம் கொடுக்கும் காசில் ஒரு பங்கு, இந்தக் 'குடம்' விளைவைக் குறைப்பதற்குத்தான்.

பையில் இருந்த நால்வர்

சோனி டபிள்யூ.எச்-1000 எக்ஸ்.எம்5: 2022-ல் வந்தது. எடை 250 கிராம். வயர் வேண்டாம், நாய்ஸ் கேன்சலிங் உண்டு. இதற்குப் பிறகு எக்ஸ்.எம்6-ம் வந்துவிட்டது.

போஸ் க்யூ.சி 45: 2021-ல் வந்தது. சுமார் 240 கிராம். இதிலும் நாய்ஸ் கேன்சலிங் உண்டு. மடித்துப் பையில் போடலாம்.

ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ்: 2020 டிசம்பரில் வந்தது. சுமார் 385 கிராம். இந்தியாவில் அறிமுகமானபோது விலை 59,900 ரூபாய்.

பேயர்டைனமிக் டி.டி 770 ப்ரோ: 1985-லிருந்து விற்பனையில் இருக்கும் ஜெர்மன் தயாரிப்பு. ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். வயர் இல்லாமல் 270 கிராம். பேட்டரி, ப்ளூடூத் எதுவும் கிடையாது.

முதல் சோதனை: பொதிகை எக்ஸ்பிரஸ்

எழும்பூரிலிருந்து ஸ்லீப்பர் கோச். ஜன்னல் திறந்திருந்தால் தண்டவாளச் சத்தமும் காற்றின் இரைச்சலும் முழுசாக உள்ளே வரும். முதலில் டி.டி 770. மேல்பெர்த் குழந்தையின் அழுகை, சமோசாக்காரர் குரல் எல்லாம் பாதியாகக் குறைந்தன. ஆனால், தண்டவாளத்தின் 'தடதட' அப்படியே உள்ளே வந்தது. பஞ்சும் பிளாஸ்டிக்கும் கீச்சுச் சத்தத்தைத் தடுக்கும் அளவுக்குக் கனத்த சத்தத்தைத் தடுக்காது.

அந்தக் கனத்த சத்தத்தைக் கவனிக்கத்தான் நாய்ஸ் கேன்சலிங். ஹெட்போனில் இருக்கும் மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர்மாறான அலையை உருவாக்கி அதைச் சமன் செய்துவிடும். இதில் நம்ம நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. 1978-ல் ஜூரிச்சிலிருந்து விமானத்தில் போனபோது இன்ஜின் இரைச்சலில் பாட்டு கேட்க முடியாமல், அங்கேயே பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தவர் அமர் போஸ். அவருடைய அப்பா, வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்டக்காரர். அந்தக் கணக்கு 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக விற்பனைக்கு வந்தது.

ரயிலில் சோனியும் போஸும் ஏறக்குறைய சமம். என் போனில் வால்யூம் 15 படி. சோனியில் நாய்ஸ் கேன்சலிங்கை அணைத்துவிட்டுக் கேட்டபோது 11 வரை ஏற்ற வேண்டியிருந்தது. அதைப் போட்டதும் 7 போதும். அந்த நான்கு படி வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகர் தாண்டுவதற்குள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. சத்தத்தைத் தடுப்பதில் அது யாருக்கும் இளைத்ததில்லை. ஆனால், தலையணையில் சாய்ந்தபடி 385 கிராமைத் தாங்க முடியவில்லை.

இரண்டாவது சோதனை: ஸ்ரீவில்லிபுத்தூர் மதியம்

மறுநாள் டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தோழி வீட்டுக்குப் போனேன். மின்விசிறி மட்டும்தான், ஏ.சி கிடையாது. நான்கையும் வரிசையாக வைத்து எம்.எல்.வசந்தகுமாரி பாடிய திருப்பாவையைப் போட்டோம். மார்கழி விடியலில் குழாய் ஸ்பீக்கரில் கேட்டே பழகிய குரல் அது.

டி.டி 770-ல் போட்டதும் தோழி, "ஏய், தம்புரா இவ்ளோ தெளிவா கேக்குதுடி" என்றாள். குரலுக்குப் பின்னால் ஓடும் சுருதி, மூச்சு எடுக்கும் இடம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. ஆனால், இதில் கீச்சு ஒலி கொஞ்சம் தூக்கல். 'ச', 'ஸ' வரும் இடங்கள் சில ரெக்கார்டிங்கில் காதைக் கீறும். ஏர்பாட்ஸ் மேக்ஸில் குரல் அதன் இடத்தில் அழகாக நின்றது. போஸில் எல்லாமே மெத்தென்று இருந்தது, எதுவும் உறுத்தவில்லை. சோனியில் பேஸ் முன்னால் வந்து நிற்கிறது. சினிமாப் பாட்டுக்குக் குஷி, கர்னாடக சங்கீதத்துக்கு ஆப்பில் போய் பேஸைக் குறைக்க வேண்டும்.

அடுத்தது வெயில். செயற்கைத் தோல் வைத்த சோனி, போஸ் இரண்டிலும் 20 நிமிஷத்தில் காதைச் சுற்றி ஈரம். டி.டி 770-ன் பேட் வெல்வெட் போன்ற துணி, ஏர்பாட்ஸ் மேக்ஸில் பின்னல் துணி. இரண்டிலும் வியர்வை வந்தது, ஆனால் ஒட்டவில்லை. செயற்கைத் தோல் வியர்வையில் ஊறி ஊறி உரிந்துவிடும் என்பதும் உண்டு. நான் முன்பு வைத்திருந்த ஒன்று இரண்டே கோடையில் கருப்புச் செதிலாகக் கன்னத்தில் ஒட்ட ஆரம்பித்தது. அதனால், வாங்கும்முன் பேட் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது விஷயத்தைத் தோழியின் தங்கைதான் கண்டுபிடித்தாள். கண்ணாடி, ஜிமிக்கி, காதோரம் மல்லிகைப்பூ. நாங்கள் "பேஸ் செம" என்று சொன்ன ஹெட்போனைப் போட்டுவிட்டு, "சவசவன்னு இருக்கே" என்றாள். கிண்ணங்களை உள்ளங்கையால் லேசாக அழுத்தச் சொன்னேன். முகம் மலர்ந்தது.

காரணம் எளிது. மூடிய ஹெட்போனில் பேட் காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். கண்ணாடிக் கம்பி, ஜிமிக்கி, அடர்ந்த முடி என எங்கே சந்து கிடைத்தாலும் முதலில் வெளியேறுவது பேஸ்தான். சத்தம் மெலிந்ததாக நினைத்து நாம் வால்யூமை ஏற்றுவோம். ஆக, 'சுகமாக இருக்கிறதா' என்பதும் 'ஒலி நன்றாக இருக்கிறதா' என்பதும் தனித்தனிக் கேள்விகள் இல்லை. சரியாக உட்காராத ஹெட்போனில் எவ்வளவு விலை கொடுத்தாலும் ஒலி வராது.

மூன்றாவது சோதனை: சத்திரப்பட்டி தறிச்சத்தம்

ராஜபாளையம் பக்கத்திலுள்ள சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பேர் பெற்ற ஊர். அங்கே உறவினர் ஒருவரின் விசைத்தறிக் கூடத்துக்குப் போனோம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும் என்பது பொதுவான கணக்கு. அங்கே கத்தியும் கேட்கவில்லை.

நாய்ஸ் கேன்சலிங் போட்டதும் அடியில் ஓடிய உறுமல் காணாமல்போனது. 'டக்கடக்' என்று நாடா அடிக்கும் சத்தம் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஒரே சீராக வரும் சத்தத்தில்தான் இந்த நுட்பம் ஜெயிக்கும். திடீர் திடீரென அடிக்கும் சத்தத்தில் தடுமாறும். "அப்ப இதைப் போட்டுக்கிட்டே தறி ஓட்டலாமா?" என்றார் உறவினர். கூடாது. பாட்டு கேட்கும் ஹெட்போன் பாதுகாப்புக் கருவி கிடையாது. எத்தனை டெசிபலைக் குறைக்கும் என்று சோதித்து எண் போட்டு விற்கும் காதடைப்பான்கள் தனியாக இருக்கின்றன. அவைதான் வேலைக்கு.

பெரியப்பாவிடம் கேட்டேன். "எங்களுக்கு யாரு அதெல்லாம் குடுத்தா? சத்தம் தாங்கலைன்னா காதுல பஞ்சைத் திணிச்சுக்குவோம். பஞ்சுக்கா பஞ்சம் அங்க?" என்று சிரித்தார். வெறும் பஞ்சு அந்தச் சத்தத்தை அதிகம் தடுப்பதில்லை.

நமக்கான கணக்கு

உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடிச் செல்கள் இருக்கின்றன. சத்தத்தால் அவை செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சு ஒலி. சலங்கை, குருவிச் சத்தம், பேச்சில் 'ச', 'த' போன்ற எழுத்துகள். அதனால்தான் "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியலை" என்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். ரயிலில் மிச்சமான அந்த நான்கு படி வால்யூமின் மதிப்பு இப்போது புரியும்.

எதை வாங்கலாம்?

* தினமும் பஸ், ரயில் பயணம் என்றால் சோனி அல்லது போஸ். நெடுநேரம் போட்டிருக்க என் ஓட்டு போஸுக்கு.

* வீட்டில் உட்கார்ந்து நுணுக்கமாகக் கேட்க, எடிட்டிங் செய்ய டி.டி 770 ப்ரோ. போனில் கேட்பதானால் 250 ஓம் மாடல் வேண்டாம், 32 ஓம் எடுங்கள். பல போன்களுக்குத் தனியாக ஒரு கன்வெர்ட்டரும் வேண்டும்.

* ஏர்பாட்ஸ் மேக்ஸ், ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு. பணமும் கழுத்தும் தாங்க வேண்டும்.

* கடையில் ஒரு பாட்டு கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். உங்கள் கண்ணாடி, கம்மலோடு 20 நிமிஷம் போட்டுப் பாருங்கள். அழுத்தினால் பேஸ் கூடுகிறதென்றால் அது உங்கள் தலைக்குச் சரியாக உட்காரவில்லை.

* ரோட்டில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் கழற்றிவிடுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன், பெரியப்பா தலையில் போஸை மாட்டி அவருக்குப் பிடித்த பழைய இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டேன். கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். முடிந்ததும் கழற்றாமலே சத்தமாகக் கேட்டார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா, இந்தப் பாட்டுல சலங்கைச் சத்தம் ஒண்ணு வருமே... அதை எடுத்துட்டாங்களா?"

எடுக்கவில்லை. எனக்கு அது பாட்டு முழுக்கக் கேட்டது.